பீரங்கித் தீனி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், இடுப்பு மட்டும் தேவைக்கு மேல் நலம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் என் பத்தியைப் பார்த்தாயா? பயிற்சி முடியாத பையன்களைப் போர்முனைக்குத் தள்ளுவதைப் பற்றி. ‘பீரங்கித் தீனி’ என்று தலைப்பு. ஆபீசில் என்னைக் கண்டாலே ஒளிகிற கணக்கர்கூடக் கைகொடுத்தார். அத்தானிடமும் காட்டு. என் எழுத்தைப் படித்தால் அவருக்குத் தூக்கம் வரும், ரத்தக்கொதிப்புக்கு நல்லது. நம் பயல் இன்னும் பயிற்சி முகாமில்தானே?

உன் தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

உன் அத்தான் தூங்கவில்லை. பயிற்சியைப் பாதியில் நிறுத்தி, போன மாதமே அவனை முன்வரிசைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி, “உங்க தம்பி உங்க பையனையா தீனின்னு எழுதியிருக்காரு?” என்று சிரிக்காமல் கேட்டாள். சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அக்கா

மார்ச் 14

அக்கா,

எனக்குத் தெரியாது, சத்தியமாக. ஆனால் அந்தச் சொல் பையன்களைத் திட்டுவதில்லை. ‘இவன் செத்தால் இன்னொருத்தன்’ என்று அனுப்புகிறானே, அவனைத் திட்டுவது. ‘வீரன்’ என்று எழுதினால் அனுப்பியவனுக்கும் சேர்த்துக் கைதட்டுவார்கள். இப்படி எழுதினால் அவன் நெளிய வேண்டும்.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

பையனும் அதையேதான் எழுதியிருக்கிறான்: “மாமா சரியாத்தான் எழுதியிருக்காரு. இங்க எங்களுக்கு அதான் பேரு.” இன்னும் முன்னே தள்ளப் போகிறார்களாம். பாதிப் பேருக்குத் தலைக்கவசம் இல்லையாம். அனுப்புகிறவன் யார்? பேரைப் போட்டு எழுது. நெளியட்டும்.

அக்கா

மார்ச் 28

அக்கா,

தளபதியின் பேரைப் போட்டே எழுதினேன். ஆசிரியர் முதலில் பேரை அடித்தார். பிறகு ‘தீனி’யை அடித்து, ‘வீரப்புதல்வர்கள்’ என்று போட்டு, “இப்ப லட்சணமா இருக்குல்ல?” என்றார். கத்தினேன். தண்ணீர் கொடுத்தார். வேறு இரண்டு பத்திரிகைகளுக்கும் போனேன். ஒருவர், “வெயில்காலம் வருது சார், குடையைப் பத்தி நகைச்சுவையா ஏதாவது கொடுங்க” என்றார். வாசலிலேயே நின்று அவரைத் திட்டினேன், அவர் அதற்கும் சிரித்தார். இருபது வருஷம் சிரிக்க வைத்தவன் கோபப்பட்டால் யார் நம்புவார்கள்? கடைசியில் ஆசிரியர் திருத்தியபடியே போகட்டும் என்று விட்டுவிட்டேன். வேலை முக்கியம் அக்கா. நீ புரிந்துகொள்வாய்.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

பத்திரிகை வந்தது. கீழே உன் பேர் இருக்கிறது. நான் கேட்ட பேர் இல்லை. பையனிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது. இனி நீயும் எழுதாதே.