கோழிக்கு மட்டும் தமிழ்

வெள்ளறடை,
சனிக்கிழமை

அன்புள்ள ஜிஜா அக்காவுக்கு,

உன் தங்கை அபிஷா எழுதுவது. கடிதத்தின் முதல் வரியில் சுகம் சொல்ல வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் கற்றுத் தந்தார்கள். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. நீயும் நிஜின் அத்தானும் குளிரில் நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

வாராவாரம் போனில் பார்க்கிறவளுக்கு என்ன கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசும்போது பக்கத்தில் அம்மா நிற்கிறாள். அவள் முன்னால் சொல்ல முடியாத விஷயம் இது. நேசையன் மாமாவின் மகள் அடுத்த வாரம் அயர்லாந்துக்கு வருகிறாள். அவள் கையில் அம்மா கொடுத்து விடும் முந்திரிக்கொத்து டப்பாவுக்குள் இதை வைக்கிறேன். தயவுசெய்து தனியாக இருக்கும்போது படி.

முதலில் ஈதனைப் பற்றி. உன் மகன் நன்றாகச் சாப்பிடுகிறான். நீ அனுப்பிய நீலச் சட்டை இப்போதே இறுக்கமாகிவிட்டது. முன்வாசல் படியில் தனியாக இறங்குவான். ஒரு பொருள் வேண்டுமென்றால் விரலால் காட்டுவான், நம் கண்ணைப் பார்ப்பான். ஆனால் இரண்டு வயது தாண்டியும் பேசவில்லை. இது உனக்கும் தெரியும். உனக்குத் தெரியாதது அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது.

அவன் பாதி நாள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். கோழி என்றால் அவனுக்கு அவ்வளவு ஆசை என்று நாங்கள் நினைத்தோம். பரீட்சை விடுமுறையில் நான் அடுக்களைப் படியில் இருந்து படித்தபோதுதான் கவனித்தேன். அம்மா இல்லாத நேரத்தில் அவன் கூட்டுப் பக்கம் போவதே இல்லை. அம்மா தவிட்டுச் சட்டியோடு வெளியே வந்தால் விளையாட்டுச் சாமானை எல்லாம் போட்டுவிட்டு ஓடுகிறான். அம்மா கோழியிடம், "எட்டி, நேத்தும் முட்டை இடல்ல, இண்ணும் இடல்ல. சும்மா தின்னுட்டுக் கிடக்க உனக்கு இங்க யாரு கல்யாணம் வச்சிருக்கா?" என்று சண்டை போடுவாள். ஈதன் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். சட்டி காலியானதும் அம்மா அவன் பக்கம் திரும்பி, "ஈதன், கம்" என்பாள். அதோடு அவள் பேச்சு தீர்ந்துவிடும்.

அக்கா, நம் அம்மா பேசாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா? மீன்காரரைப் பேசியே உட்கார வைப்பவள். ஆனால் ஈதனுக்கு முன்னால் அவளிடம் இருப்பது கம், சிட், ஈட், நோ, குட் பாய் மட்டும்தான். அப்பாவுக்கு அதுவும் இல்லை. அவர் ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்து அவனைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்பார். செல்லையன் மாமா வேலிக்கு அப்பால் நின்று, "எப்பா ராஜையா, இங்கிலீஷ் துரை வந்த பொறவு உன் வீட்டுல சத்தமே இல்லியே" என்று கேலி செய்கிறார். அப்பா சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறார்.

அவனிடம் ஆங்கிலம் மட்டும் பேச வேண்டும் என்று நீ ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், அங்கே வந்தால் ஆங்கிலம். மூன்றும் கலந்தால் பிள்ளையின் மூளை குழம்பிவிடும், இப்போதே ஆங்கிலம் மட்டும் பேசிப் பழக்குங்கள் என்று உன்னோடு வேலை செய்யும் ஒருவர் சொன்னதாக நீ சொன்னாய். அவர் சொன்னது மட்டும் காரணம் இல்லை. நர்சிங் ஹாஸ்டலில் நீ பேசும் மலையாளத்தைக் கேட்டு, தமிழ்க்காரி, பாண்டி என்று பிள்ளைகள் சிரித்ததை என்னிடம் சொல்லியிருக்கிறாய். அயர்லாந்து வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையில் தோற்றுத் தோற்று மறுபடி எழுதினதும் எனக்குத் தெரியும். ஈதனைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாது என்றுதான் நீ நினைத்தாய். அதனால்தான் அம்மா ஒரு நாள்கூட மீறவில்லை. குடும்ப ஜெபம் ஆங்கிலத்தில் செய்ய அப்பாவுக்கு வராது என்பதால், அந்த நேரத்தில் ஈதனை உள்ளறையில் போனைக் கொடுத்து உட்கார வைக்கிறாள். நாங்கள் இங்கே பாடுவோம், உள்ளே போன் ஆங்கிலத்தில் பாடும்.

இனி சொல்லப் போவதைக் கேட்டுப் பயப்படாதே. போன வாரம் அவனை நெய்யாற்றின்கரையில் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். உன்னிடம் சொன்னால் அங்கே தூங்கமாட்டாய் என்று அம்மா மறைத்துவிட்டாள். காது பரிசோதித்தார்கள், நன்றாகக் கேட்கிறது. பிறகு டாக்டரம்மா, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ஒன்லி இங்கிலீஷ்" என்றாள். அவரும் சரியென்று ஆங்கிலத்திலேயே, பிள்ளை எப்போது நடந்தான், இரவில் எத்தனை முறை எழுகிறான் என்று கேட்கத் தொடங்கினார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு ஈதனின் தலையைத் தடவிக்கொண்டு, "குட் பாய்" என்றாள். வேறு இடமாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். குழந்தை அழும்போது நீங்கள் அவனிடம் என்ன சொல்வீர்கள் என்று மெதுவாக மலையாளத்தில் கேட்டார். அம்மா தமிழில்தான் பதில் சொன்னாள். "ஒண்ணும் சொல்லமாட்டேன் டாக்டர். எடுத்து மடியில வச்சுகிட்டு இருப்பேன். அவன் கரையும்போ என் வாயில வாறது எல்லாம் தமிழாக்கும். அதனால வாயை மூடிகிட்டு இருப்பேன்."



அவன் எந்த வார்த்தையுமே சொல்வதில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா வெட்கப்பட்டாள். கோழியைக் கூப்பிட பா பா பா என்பான், அது பேச்சு இல்லை என்றாள். அவர் சிரித்து, அது பேச்சுதான், அவன் கூப்பிட்டால் கோழி வருகிறது அல்லவா என்றார். அது என் மனதில் நின்றுவிட்டது. அவன் சொன்னதற்குப் பதில் வருகிற ஒரே இடம் நம் வீட்டில் கோழிக்கூடுதான்.

இரண்டு மூன்று மொழி கேட்பதால் பிள்ளையின் மூளை குழம்பாது என்று அவர் சொன்னார். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் திட்டவும் வருமோ அதில் நாள் முழுக்கப் பேசுங்கள், மூன்று மாதம் கழித்துக் கொண்டுவாருங்கள், அப்போதும் பேச்சு வராவிட்டால் மேலே பார்க்கலாம் என்றார்.

நான் பள்ளி நூலகத்தில் தேடி ஒரு புத்தகம் எடுத்தேன். சின்ன வயதில் மூளைக்குள் புதுப்புது இணைப்புகள் உண்டாகிக்கொண்டே இருக்குமாம். குழந்தை ஒரு சத்தம் போட, பெரியவர்கள் அதற்குப் பதில் சொல்ல, அது மறுபடி சத்தம் போட, இப்படிப் போய் வந்துதான் அவை உறுதியாகுமாம். அப்பாவுக்குப் புரியட்டும் என்று, ரப்பர் தோட்டத்தில் நீங்கள் தினமும் நடக்கிற தடம் மாதிரி என்றேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடக்காத தடத்துல ஒரு மழையில புல்லு மூடிரும்" என்றார். பிறகு தோட்டத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். போன் எவ்வளவு பாடினாலும், ஈதன் பதில் சொல்லட்டும் என்று அது காத்திருப்பதில்லை, அக்கா. அம்மாவால் காத்திருக்க முடியும்.

ஆனாலும் இங்கே எதுவும் மாறவில்லை. மாற்றலாம் என்று நான் சொன்னதற்கு அம்மா கோபப்பட்டாள். "அவ அங்க தனியா கிடந்து பாடுபடுதா. பிள்ளையை விட்டுட்டுப் போகும்போ எங்கிட்ட கேட்டது இது ஒண்ணாக்கும். அதையும் நான் செய்யல்லன்னா பொறவு நான் என்னத்துக்கு?" என்றாள். அப்பாவும், பிள்ளை ஜிஜாவுக்குள்ளது, அவளிடம் கேட்காமல் மாத்தப்பிடாது என்கிறார். உன்னிடம் கேட்கவும் இரண்டு பேருக்கும் பயம். நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாய் என்று பயப்படுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. பிள்ளைக்கு நல்லது என்று நினைத்து நீ சொன்னாய், உனக்கு நல்லது என்று நினைத்து இவர்கள் செய்தார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது எப்போதும் போல, "ஹாய் பேபி, சே மம்மி" என்றாய். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டான். நீ அம்மாவிடம், "எம்மா, அவன் என்னை மறந்தே போனானாக்கும். நான் யாருக்கு வேண்டி இங்க கிடக்கேன்?" என்று அழுதாய். அம்மா போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். அதனால் உனக்கு அவன் தெரியவில்லை.

நான் பார்த்தேன். நீ "எம்மா" என்றதும் அவன் கோழிக்கூட்டுப் பக்கமிருந்து தலையைத் தூக்கினான். நீ அழுதுகொண்டே பேசப் பேச அவன் வந்தான். முதலில் நடந்தான், பிறகு ஓடினான். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துப் போனுக்குக் கை நீட்டினான். அதற்குள் நீ வைத்துவிட்டாய். அவன் அந்தப் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

அவன் மறக்கவில்லை, அக்கா. ஹாய் பேபி என்கிறவளை அவனுக்குத் தெரியாது. நீ இங்கே இருந்த பதினொரு மாதமும் அவனை மடியில் வைத்து, "எலே கள்ளா, எங்கிட்டயா விளையாடுக?" என்று கேட்டவளைத்தான் தெரியும்.

இது கிடைத்த பிறகு வரும் ஞாயிறு நீ கூப்பிடு. முதலில் அம்மாவிடம், இனி உனக்கு வருகிற மாதிரி பேசு என்று சொல். நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம், நீயே நினைத்ததாக இருக்கட்டும். பிறகு ஈதனைக் கூப்பிட்டு, என்னைத் திட்டுவாயே, அந்த மாதிரி பேசு. அவன் எதுவும் சொல்லாவிட்டாலும் உடனே வைத்துவிடாதே. அவன் பதில் சொல்லக் கொஞ்சம் காத்திரு. போனை அவன் முகத்துக்கு நேராக நான் பிடித்துக்கொள்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். வரத்தை முக்கியமாக.

உன் அன்புத் தங்கை,
அபிஷா