பின்னால் வரத் தெரிந்த மிஷின்

என் செல்லத் தம்பி ஜெயராஜ்,

உன் வயர்கட் மிஷின் ஓடுகிறது. நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. நீ முதலில் கேட்கப்போவது இதைத்தான் என்று எனக்குத் தெரியாதா?

நீ எங்களை விட்டுக் கண்ணை மூடின மூன்றாம் மாதம் அதன் பழைய கம்ப்யூட்டர் திரை இருண்டுவிட்டது. இரும்பை வெட்டக் கம்பியில் மின்பொறி விடுகிற பெட்டி நன்றாக இருந்தது, மேசையும் வெண்ணெய் போல நகர்ந்தது. எங்கே நகர வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. சர்வீஸுக்கு வந்தவன் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "இதுக்கு போர்டு கிடைக்காதுங்க, எடைக்குப் போட்டுடுங்க" என்றான். என் கையால் டீ வாங்கி, சர்க்கரை பத்தவில்லை என்று இன்னும் இரண்டு ஸ்பூன் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னான். நீலக் கோடு போட்ட சட்டை. நான் மறப்பேனா?

உன் மகள் ஷீபா விடவில்லை. கீழ்க்கட்டளையில் பழைய மில்லிங் மிஷின்களுக்குப் புதுக் கன்ட்ரோல் மாட்டித் தருகிற முரளியை நம் ராஜகீழ்ப்பாக்கம் ஷெட்டுக்கே அழைத்து வந்தாள். இரும்பு உடம்பு அப்படியே இருக்க, மோட்டாரும் மூளையும் மட்டும் புதிது. ஆனால் தன் கணவரிடம் ஒரு வார்த்தை கொடுத்திருந்தாள். சனிக்கிழமைக்குள் மிஷின் வெட்டாவிட்டால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டு, ஷெட்டையும் மூடிவிட்டு, பழைய மகாபலிபுரம் ரோட்டுப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போவதாக.

முதல் சோதனை செவ்வாய்க்கிழமை. ஒரு துண்டுத் தகட்டை வைத்தார்கள். நான்தான் கம்பி கோர்த்தேன். பதினாலு வருஷம் உன்னிடம் கோர்த்த விரலுக்கு அந்த ஊசித் துளை இன்னும் தெரிகிறது. தண்ணீர் விழுந்தது, பொறி பிடித்தது, ஷீபா கை தட்டினாள். தட்டின கை ஓய்வதற்குள் கம்பி அறுந்தது.

மறுபடி கோர்த்தேன், அறுந்தது. முரளி வேகத்தைக் குறைத்தார், அப்போதும் அறுந்தது. கம்பிச் சுருளையே மாற்றினார், அதுவும் அறுந்தது. புதன் சாயங்காலம் வரை பதினோரு தடவை.

"போதும் அத்தை, உங்க விரல் வலிக்கும்" என்றாள் ஷீபா. எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. யாரையோ பஸ் ஏற்றிவிடப் போகிறவள் குரல் அது.

முதல் நாளே எனக்கு ஒன்று உறுத்தியது. வாயைத் திறக்கவில்லை. காரணம் யார்? நீதான். மேடவாக்கத்துக் கஸ்டமருக்கு டை அச்சு வெட்டிக்கொண்டிருந்தபோது நான் ஏதோ கேட்டதற்கு, நாலு பேர் முன்னால், "அக்காவுக்குக் கம்பி கோர்க்கத் தெரியும், மிஷின் தெரியாது" என்றாயே. எல்லாரும் சிரித்தார்கள். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. அதையாவது கவனித்தாயா?

வியாழக்கிழமை பன்னிரண்டாவது தடவை அறுந்ததும் கேட்டே விட்டேன்.

"ஏம்பா முரளி, இது ஏன் பின்னாடி வரவே மாட்டேங்குது?"

"பின்னாடியா? இன்னாத்துக்கும்மா பின்னாடி வரணும்?"

"பழசு வருமே. கொஞ்சம் போகும், சட்டுனு வந்த வழியிலயே கொஞ்சம் திரும்பும், அப்புறம் போகும்."

"ஸ்க்ரூ தேஞ்சு பூட்டிருக்கும்மா. வயசான மிஷின் அப்படித்தான் ஆடும்."

"வயசானா ஆடும்னு என்கிட்டயே சொல்றியா?"

ஷீபாவுக்கு இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. நான் விடவில்லை. "ஆட்டம் இல்லப்பா. பொறி விழும்போது சடசடனு கேக்கும். கம்பி இரும்பைத் தொட்டுட்டா அந்தச் சத்தம் செத்துடும். அப்பதான் திரும்பும். சத்தம் வந்தப்புறம்தான் மறுபடி போகும்."

முரளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, மில்லிங் மாதிரியே செஞ்சு வெச்சிருக்கேன்" என்றார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். மில்லிங்கில் கட்டர் இரும்பில் முட்டித்தான் வெட்டும். இங்கே கம்பி இரும்பைத் தொடவே கூடாது, நடுவில் தாவுகிற பொறிதான் வெட்டும். தொட்டுவிட்டால் நின்றால் போதாது, வந்த கோட்டிலேயே பின்வாங்க வேண்டும். அவர் புது மூளைக்கு நிற்க மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை முழுக்க லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, பின்வாங்கவும் சொல்லிக்கொடுத்தார்.

சனிக்கிழமை காலை கோர்த்தேன். சடசடவென்று போனது. சத்தம் செத்தது. மேசை ஒரு மயிரிழை பின்னால் வந்தது, தம்பி! சத்தம் உயிர் பெற்றது, மறுபடி போனது. நாலு தடவை அப்படித் திரும்பித் திரும்பிப் போய், ஒரு சதுரத்தை முழுசாக வெட்டி முடித்தது. கம்பி அறுபடவில்லை. ஷீபா மைக்ரோமீட்டரில் அளந்தாள், நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள், பிறகு ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். புடவையெல்லாம் தண்ணீர்.

பத்து மணிக்கு, ஷீபா முன்பே சொல்லிவைத்திருந்த பழைய இரும்புக்காரர் வண்டியோடு வந்து நின்றார். "எந்த மிஷின் மேடம்?"

"ஓடிக்கினு இருக்கே, அதுதான். ஏத்து பாக்கலாம்" என்றார் முரளி. அந்த மனிதரும் கொஞ்ச நேரம் நின்று பொறியை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது தினமும் வேலை இருக்கிறது. சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்தச் சடசடப்புதான். நீ நாலு பேர் முன்னால் சொன்னதை நான் விட்டுவிட்டேன். சனிக்கிழமை மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த மிஷினைப் பற்றி எனக்குத் தெரிந்த எதையும் இனிமேல் மனசுக்குள் பூட்டி வைக்க மாட்டேன். உன் மகள் கேட்டால் சொல்லுவேன். கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

இப்படிக்கு,
இனி வாயை மூடாத உன் அக்கா
எஸ்தர்