நீ வைத்த பெயர்கள்

உன் கம்ப்யூட்டரின் கீபோர்டை இன்று காலை கவிழ்த்துத் தட்டினேன். கடலைத் தோலும், லேபிள் வெட்டின ஓரத்துத் துணுக்குகளும், யாருடையது என்று தெரியாத ஒரு சட்டைப் பொத்தானும் விழுந்தன. அதற்கெல்லாம் முன்னால் வந்தது வாசனை. மை துடைக்கிற மண்ணெண்ணெய் வாசனை. பிரஸ்ஸிலிருந்து நேராக மாடிக்கு ஏறி, கையைச் சரியாகக் கழுவாமலே இதன் முன்னால் உட்காருவாய். கழுவிவிட்டு வா என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன், கேட்டால்தானே. அந்த வாசனை போய்விடுமோ என்று பயந்து இன்று கீபோர்டைத் துடைக்காமலே வைத்துவிட்டேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. சூலக்கரையில் என் வீட்டு முன்னறையில்தான் உன் கம்ப்யூட்டர் இருக்கிறது. காரியம் முடிந்த மறுவாரம் பாப்பாதான் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். படிக்கக் கோயம்புத்தூர் போனபிறகு நடை உடையெல்லாம் மாறிவிட்டது உன் மகளுக்கு. பேச்சு மட்டும் அப்படியே உன் பேச்சு. ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போடுகிறது, அது ஒரேயடியாக நின்றுபோகும் முன்னால் அப்பாவின் கேம் எல்லாவற்றையும் என் லேப்டாப்புக்கு மாற்றித் தாருங்கள் என்றாள். புறப்பட்டவள் வாசல் வரை போய்த் திரும்பி நின்றாள்.

"அதுல நானும் அப்பாவும் ஆடுன ஆட்டம் ஒண்ணு பாதியில நிக்கி மாமா. அது மட்டும் போயிராமப் பாத்துக்கோங்க."

அது மட்டும் என்று அவள் சொன்னது என் காதில் நன்றாகத்தான் விழுந்தது. விழுந்தும் நான் செய்து வைத்த காரியத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நமக்கு இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று உனக்கே தெரியும். விருதுநகரில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே டிவி கேம் கடை. கேசட் ஓடவில்லை என்றால் கழற்றி வாயால் ஊதி மறுபடி சொருக வேண்டும். ஊதுவதில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, கடைக்காரரே உன்னைத்தான் கூப்பிடுவார். அப்புறம் நான் பரீட்சை எழுதி சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸுக்குள் போனேன். நீ சிவகாசியில் உங்கள் அப்பாவின் பிரஸ்ஸுக்குள் போனாய். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிறவனை சீசனில் யார் பார்க்க முடியும்? தீபாவளிக்கு மறுநாள் மெஷினெல்லாம் நின்று ஊரே ஓய்ந்து கிடக்கும்போது உன் போன் வரும். "ஏலே, ஊரு உலகமெல்லாம் வெடிச்சு முடிச்சிட்டாக. நீ கெளம்பி வா, நாம ஆடுவோம்."

அப்படி வந்த ஒரு வருஷத்தில்தான் எமுலேட்டரைக் காட்டினாய். பழைய கேம் பெட்டியே இல்லாமல் அதன் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கிற சாஃப்ட்வேர். ஓட வைக்கிறது என்று பெயர்தானே தவிர, பாதி நாள் அதோடு மல்லுக்கட்டுவதில்தான் போனது. படம் வந்தால் சத்தம் வராது. சத்தம் வந்தால் திரை கறுப்பாக நிற்கும். வேறு ஆட்டத்தைப் போடு என்று நான் எரிந்து விழுவேன். நீ விடமாட்டாய். பிரஸ்ஸில் நாலு கலரில் ஒரு கலர் நூலளவு தள்ளி விழுந்தால் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பாயே, அதே முகத்தோடு ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிக்கொண்டிருப்பாய். "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்லே. ரெண்டை மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது" என்பாய். ஒருநாள் காலையிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில், ஃபைல் பெயரில் பெரிய எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சின்ன எழுத்து இருந்திருக்கிறது. அம்புட்டுத்தான். நீ சிரித்த சிரிப்பில் தங்கச்சி கீழேயிருந்து ஏறிவந்து, என்னமோ ஏதோ என்று பார்த்துவிட்டுப் போனாள். உன் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், கல்யாணத்தன்றே அவள் என்னை அண்ணே என்றுவிட்டாள்.

ஆட்டங்களுக்குப் பெயர் வைப்பதிலும் நீ பிரஸ்காரன்தான். ஒரே சரவெடிக்கு நாலு கம்பெனி லேபிள் அடிக்கும்போது கம்பெனிப் பெயரைச் சொன்னால் குழம்பும் என்று, கிளி லேபிள், கோழி லேபிள், மூக்குத்தி லேபிள் என்று படத்தை வைத்துத்தான் உங்கள் பிரஸ்ஸில் பேசுவீர்கள். ஆட்டத்துக்கும் அதையே செய்தாய். கேசட்டில் போட்ட பெயர் எதுவுமே உனக்கு ஆகாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து நீயாக ஒரு பெயர் வைப்பாய். ரோடெல்லாம் பள்ளமாக வருகிற கார் ஆட்டம், ‘ஏழாயிரம்பண்ணை வண்டி’, அந்த ஊர் ரோடு அப்படி. தடியன் ஒருத்தன் கதவை மறித்து நிற்கிற சண்டை ஆட்டம், ‘மாமனார்’. கட்டங்களை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டிய ஆட்டம் ஒன்று, எவ்வளவு நகர்த்தினாலும் முடியவே முடியாது. அதற்கு ‘சூலக்கரை ஆபீஸ்’. ஃபைலை மேசைக்கு மேசை தள்ளுகிற வேலைதானே உனக்கு என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்தான்.

அப்புறம் எனக்குப் பதவி உயர்வு வந்தது, தேர்தல் வேலை வந்தது, என்னென்னவோ வந்தது. நாலைந்து தீபாவளி போய்விட்டது. வாரேன், அடுத்த வாரம் வாரேன் என்று போனில் சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்தினேன். ஆவணியில், சீசன் உச்சத்தில், மெஷின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் என்று சொன்னார்கள். நான் சிவகாசி வந்து சேர்ந்தபோது உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

செய்த தப்புக்கு வருகிறேன். உன் கம்ப்யூட்டரைத் திறந்ததும் எனக்குக் கை நமநமவென்றது. இருபத்தைந்து வருஷமாகப் பதிவேடு பராமரிக்கிறவன் கண்ணுக்கு உன் ஃபோல்டர் சந்தைக்கடையாகத் தெரிந்தது. எல்லா ஆட்டமும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. ஒரே ஆட்டம் இரண்டு மூன்று முறை இருந்தது. சரி, உனக்கு நான் செய்கிற கடைசி மரியாதையாக இதை ஒழுங்குபண்ணிக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். இன்டர்நெட்டில் பட்டியல் எடுத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன் முறையான பெயரைப் போட்டேன். எந்தப் பெட்டி ஆட்டமோ அந்தப் பெட்டிக்குத் தனி ஃபோல்டர். இரட்டையாகத் தெரிந்ததையெல்லாம் அழித்தேன். பத்து நாள் வேலை. ஆபீஸில் ஒரு துண்டுக் காகிதத்துக்கு மூன்று நகல் எடுக்கிற நான், உன் ஆயுசு முழுக்கச் சேர்த்ததற்கு ஒரு நகல் எடுக்கவில்லை.

முடித்துவிட்டுப் பாப்பாவின் ஆட்டத்தைப் போட்டேன். அவள் சொல்லித்தான் எதுவென்று தெரியும். சின்ன நிலம் ஒன்றில் விதை போட்டு, தண்ணீர் பாய்ச்சி, கோழி மாடு வளர்க்கிற ஆட்டம். புதிதாக ஆரம்பிக்கிறீர்களா என்று கேட்டது. பழையது எதுவும் இல்லை. வேறொன்றைப் போட்டேன், அதுவும் புதிது. எல்லாமே புதிது. அப்போதுதான் உறைத்தது. ஆடி நிறுத்திய இடத்தை எமுலேட்டர் தனி ஃபைலாகச் சேமிக்கும், ஆட்டத்தின் பெயரை வைத்துத்தான் அதைத் தேடும். நான் ஆட்டத்தின் பெயரை மாற்றிவிட்டேன். சேமித்த ஃபைல்கள் மட்டும் வேறொரு ஃபோல்டரில் நீ வைத்த பெயர்களோடு கிடந்தன. எந்தப் பெயரை எதுவாக மாற்றினேன் என்று நான் குறித்தும் வைக்கவில்லை, எந்தப் பெயர் எந்த ஆட்டம் என்று சொல்ல நீயும் இல்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன், என்னைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

பாப்பாவிடம் கேட்டேன். அப்பாதான் திறந்து தருவார், என்ன பெயர் என்று நான் பார்த்ததே இல்லை என்றாள். நடந்ததைச் சொன்னேன். பரவாயில்லை மாமா என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அன்றிலிருந்து ஒரு மாதம், ஒவ்வொரு ஃபைலாக எடுத்து அந்தப் பண்ணை ஆட்டத்தின் பெயரைக் கொடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். எதுவும் திறக்கவில்லை.

அம்மன் கோயில் மாசிப் பொங்கல் சமயத்தில் சிவகாசி போனேன். தோற்றுவிட்டேன் என்று நேரில் சொல்லிவிடத்தான் போனேன். பாப்பாவும் வந்திருந்தாள். தங்கச்சி காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். உனக்கும் எனக்கும் ஆட்டம்தான் பெரிது என்று முன்பெல்லாம் நம் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுகிறவள், இப்போது திட்ட ஆளில்லாமல் மெலிந்துபோயிருந்தாள். அவளாகவே பேச ஆரம்பித்தாள். கடைசி வரைக்கும் உனக்கு வேலை ஓயவில்லையாம். சாயங்காலம் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாலும், தினமும் ஒரு கால்மணி நேரம் மாடிக்குப் போய்விடுவாயாம்.

"பாக்கி ஆர்டர் ஒண்ணு கெடக்கு, பாத்துட்டு வாரேன்னு போவாக அண்ணே. தீபாவளி முடிஞ்சு வேலையே இல்லாத நாள்லயும் போவாக. அதென்ன முடியாத ஆர்டர்னு நானும் கேக்கலை."

காபியைக் கீழே வைத்தேன். சேமித்த ஃபைல்களுக்கு நடுவே ‘பாக்கி ஆர்டர்’ என்று ஒன்று இருந்தது. பிரஸ் கணக்கு எதுவோ தவறி இங்கே வந்துவிட்டது என்று முதல் நாளே அதைத் தனியாக எடுத்து ஒதுக்கி வைத்தவன் நான். ஃபைலெல்லாம் ஏற்றிக் கொண்டுபோன என் லேப்டாப் கையோடுதான் இருந்தது. பெயரை மாற்றி, ஆட்டத்தைப் போட்டேன். புதிதா என்று கேட்கவில்லை. நேராக உள்ளே போனது.

பாப்பா என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தாள். நாலு கோழி, ஒரு மாடு, எல்லாம் உயிரோடு நின்றன. அவள் கோயம்புத்தூர் கிளம்பிய அன்று, நான் திரும்பி வந்து முடிக்கிறேன், அதுவரைக்கும் என் கோழியைச் சாகவிட்டுவிடாதீர்கள் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். சும்மா சொன்னேன் மாமா என்றாள். அவள் விட்டுப்போனபோது ஆட்டத்துக்குள் இரண்டாம் வருஷம். இப்போது அது பதினொன்றாம் வருஷம் என்று காட்டியது. நிலத்தில் நீ ஒரு விதை கூடப் போடவில்லை. வீட்டைப் பெரிதாக்கவில்லை, கதையில் ஒரு அடி முன்னால் போகவில்லை. அவள் முடிக்க வேண்டியதை அவளுக்கே விட்டுவிட்டு, தினமும் போய்த் தீனி மட்டும் போட்டிருக்கிறாய். தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்குப் பாப்பா தீனி போட்டாள். ஆட்டத்துக்குள் பொழுது சாய்ந்ததும், சேமிக்கவா என்று கேட்டது. அவள் விரல் பட்டனில் நின்றுவிட்டது.

"அமுக்குனா அப்பா போட்ட கடைசி நாளு போயிருமா மாமா?"

ஏற்கெனவே எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்து வைத்துவிட்டேன், போகாது, அமுக்கு என்றேன். அமுக்கினாள்.

அதற்கப்புறம் உன் பெயர்களையெல்லாம் திரும்ப வைத்துக்கொண்டு வருகிறேன். முறையான பெயர் எவனுக்கு வேண்டும்? ‘மாமனார்’ கிடைத்துவிட்டது. ‘ஏழாயிரம்பண்ணை வண்டி’யில் நீ எடுத்த நேரத்தை என்னால் இன்னும் முந்த முடியவில்லை. ‘சூலக்கரை ஆபீஸ்’ நீயும் முடிக்காமல்தான் விட்டிருக்கிறாய், திருப்தியாக இருந்தது. பெரும்பாலும் சேர்த்துவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் எதனோடும் சேரவில்லை. இருக்கிற அத்தனை ஆட்டத்திலும் வைத்துப் பார்த்தாயிற்று. இரட்டை என்று நான் அழித்தவற்றில் அதன் ஆட்டமும் போயிருக்க வேண்டும்.

‘அவன் அழுதது’ என்று பெயர் வைத்திருக்கிறாய்.

உன் வாயில் அவன் என்றால் அது நான்தான். உன் முன்னால் உட்கார்ந்து நான் என்றைக்கு அழுதேன்? என்ன ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது? நீ என்ன சொல்லித் தேற்றினாய், இல்லை, ஒன்றும் சொல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தாயா? எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. நான் மறந்துபோன என் அழுகையை நீ பெயர் போட்டு எடுத்து வைத்திருந்திருக்கிறாய். தினமும் அந்த ஃபைலை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடுகிறேன். அன்றைக்கு எனக்கு என்ன துக்கம் என்று கேட்க, நீதான் வேண்டியிருக்கிறது.