ஓடுபாதை மூடும் முன்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிக் கை பழகிவிட்டது. இந்த முறை அதை எழுதவில்லை. நீயாவது நலமாக இரு.

போனில் விமான நிலையம் என்று ஆரம்பித்தாலே, "அக்கா, வேலை விஷயம் வேண்டாம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் மடித்து வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. முழுக்கப் படித்தாய் என்றே நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் நகராட்சி மண்டபத்தில் உங்கள் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. புது முனையத்தின் படத்தைச் சுவர் உயரத்துக்கு வைத்திருந்தார்கள். கண்ணாடியும் மரமும் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்களுமாக நன்றாகத்தான் இருந்தது. இருபது வருடம் கழித்து எத்தனை பேர் வந்து போவார்கள், எத்தனை விமானம் நிற்க இடம் வேண்டும், சரக்குக் கிடங்கு எந்தப் பக்கம் வரும் என்றெல்லாம் உன் ஆள் ஒருவர் விளக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். திட்டம் போட்டது என் தம்பிதான் என்று பக்கத்து நாற்காலி அம்மாளிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் உன் ஆள் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். ஓடுபாதையை நீட்டி அகலப்படுத்த வேண்டுமாம். அதற்காகப் பதினெட்டு மாதம் விமான நிலையத்தையே மூடிவிடுவார்களாம்.

இன்னொரு வழியும் உண்டு என்று அவரே சொன்னார். இரவில் வேலை, பகலில் விமானம். மூன்று வருடம் இழுக்கும், செலவும் கூடும், அதனால் ஆய்வு செய்து ஒதுக்கிவிட்டோம் என்றார். ஒதுக்கியது யார் தம்பி? நீதானே.

வாலுவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தவனே நீ. இப்போது பார்த்தால் வேறு பெயர் வைத்திருப்பாய். பதிமூன்று வயதில், தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதற்கே யோசிக்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தலைநகர ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றியாக வேண்டும். விமானத்தில் முழுதாக ஒரு மணி நேரம் கூட இல்லை. ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவாள். மழையில் விமானம் ரத்தான அன்று மலை ரோட்டில் கூட்டிப்போனோமே, அதை மறந்துவிட்டாயா? பிளேட்லெட் குறைந்துபோன பிள்ளை. ஒவ்வொரு குழிக்கும் என் மடியில் துள்ளித் துள்ளி விழுந்தாள். பாதி வழியில் மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்து நிற்கவே இல்லை. பெயர் தெரியாத ஊரில், ஒரு சின்னக் கிளினிக்கில், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். தலைநகர ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னொரு தடவை ரோட்ல கூட்டிட்டு கிளம்பினீங்கன்னா, வந்து சேருவாள்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

அங்கேயே போய்த் தங்குங்கள் என்பாய். தங்கிப் பார்த்தோம். விடுதியில் ஒருவர் இருமினால் அறையே இருமுகிறது. தனி வீடு பிடித்தால் அந்த ஊர்ப் புகை அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு முறை தொற்று வந்து, பிழைத்ததே பெரிது என்று ஆகிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்துக்கு மட்டும் வாருங்கள் என்று அனுப்பியதும் அதே டாக்டரம்மாதான்.

உன் அத்தானுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். அவர் உன் கட்சி. விமான நிலையத் தீயணைப்பு வண்டியில் இத்தனை வருடம் ஓடியவர் ஆயிற்றே. "ராத்திரி ரோலர் ஓடின இடத்துல காலையில பிளேன் இறங்கணும். ஒரு கல்லு கிடந்தா போதும், இன்ஜின் இழுத்துக்கும். அதுக்குள்ள உட்கார்ந்திருக்கப்போறதும் நம்ம பொண்ணுதானே" என்கிறார். சொல்லிவிட்டு வாசலில் போய்ச் செருப்புக்கூடப் போடாமல் நிற்கிறார். அவர் சொல்வது தப்பு என்று வாதாட எனக்கு அந்தத் தொழில் தெரியாது. ஆனால் ஆபத்து இருக்கிறது என்பது வேறு, வழியே இல்லை என்பது வேறு. கல் கிடந்தால் பொறுக்க ஆள் போடுங்கள். மூடிவிட்டால் நான் எங்கே போவேன்?

வாலுவின் காதுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. "பதினெட்டு மாசம்தானேம்மா? திறந்ததும் முதல் பிளேன்ல நாம போலாம், மாமா சீட்டு வாங்கித் தருவாரு" என்கிறாள். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பு எரியவே இல்லை.

ஒதுக்கி வைத்ததை மறுபடி எடுத்துப் பார், தம்பி. குழுவில் ஒரு வார்த்தை சொல். காலில் விழுந்து கேட்பேன். மூத்தவள் விழுந்தால் பாவம் உனக்கு என்பதால் கையைப் பிடித்துக் கேட்கிறேன். உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
உன் அக்கா

* * *

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. நாலே வரி. இந்த முடிவால் உன் சொந்தக்காரர் பாதிக்கப்படுகிறார் என்று எழுதி, என் கடிதத்தையும் சேர்த்து மேலிடத்தில் கொடுத்துவிட்டாய். ஓடுபாதை விஷயத்திலிருந்து விலகிக்கொண்டாய். உன் இடத்தில் வேறொருவர் முடிவு செய்வார். இதுதான் நேர்மை, புரிந்துகொள் அக்கா என்று எழுதியிருக்கிறாய்.

புரிகிறது. புரிந்ததால்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அந்த அறையில் என் பிள்ளையின் முகம் தெரிந்த ஒரே ஆள் நீதான். உன்னை நாற்காலியிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பியது என் கடிதம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், பேசுகிறாயோ இல்லையோ, நீயாவது உள்ளே இருந்திருப்பாய். என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டேன். உன்னைத் திட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் வாய் வரவில்லை.

புதிதாக வந்திருப்பவர் கெட்டிக்காரராம். மளமளவென்று காரியம் முடிப்பாராம். வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம், அன்றைக்கே முடிவு என்று அறிவித்துவிட்டார்கள்.

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குதிப்பார் என்று பயந்தேன், குதிக்கவில்லை. மறுநாள் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ராத்திரி வேலைதான்னு முடிவானா தினம் விடியறதுக்குள்ள ஓடுபாதை முழுக்க நடந்து பார்க்க ஆள் வேணும்ல? நான் நடக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். மூன்று வருடமுமா என்று கேட்டேன். "மூணு வருஷமும்தான்" என்றார். மாடிப்படி ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொள்கிற மனுஷன்.

நேற்றுதான் வாலுவுக்கு மருந்து ஏற்றிக் கூட்டி வந்தோம். இன்னும் ஒன்றரை வருடமாவது ஒரு தடவைகூட விடாமல் வர வேண்டும் என்றார் டாக்டரம்மா. நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, "நிறுத்தாதீங்க" என்றார்.

தம்பி, நான் ஒன்று யோசித்தேன். அதிகாரியாக இருந்து சொந்தக்காரருக்காகப் பேசக்கூடாது, சரி. இப்போதுதான் நீ அந்த விஷயத்தில் அதிகாரியே இல்லையே. வெள்ளிக்கிழமை பாதிக்கப்பட்ட குடும்பத்தார் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாமாம், நான் விசாரித்துவிட்டேன். வியாழக்கிழமை விமானத்தில் வா. பின்வரிசையில் எங்களோடு உட்கார். மைக் வந்ததும் எழுந்து, நான் அந்தப் பிள்ளைக்கு மாமா என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டே பேசு. இரவில் வேலையும் பகலில் விமானமுமாக அதை எப்படி நடத்தலாம் என்று உன்னைப்போல எடுத்துச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. நான் பேசினால் அழுதுவிடுவேன். அழுதால் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள்.

இது உன் வேலைக்கே உலை வைக்கலாம். தெரிந்துதான் கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். வராவிட்டாலும் உன்மேல் வருத்தம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

மாமா உன்னைப் பார்க்க வருகிறார் என்று வாலுவிடம் சொல்லிவிட்டேன்.

உன் நேர்மையைக் கடவுள் பார்த்துக்கொள்வார். என் பிள்ளையை நீ பார்.

அக்கா