தோல் கோட்டின் இடது கை

திருப்புலிவனம்,
ஆடி 20, செவ்வாய்க்கிழமை.

என் மாமாவுக்கு எல்லம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூஜாவும் ரெண்டு ஆடும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் சொல்லி நான் நம்புவதாக இல்லை.

முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். பூஜா பைக்கில் போகும்போது போட்டுக்கொள்ளட்டும், கடையில் வாங்கிய புதுசு என்று, லீவில் வந்த உங்கள் கூட வேலை செய்கிற சாம்சனிடம் ஒரு தோல் கோட்டு கொடுத்து அனுப்பினீர்களே, அதைப் பையிலிருந்து எடுத்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினெட்டு வருஷம் தோல் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள், தையலைத்தானே பார்த்திருக்க வேண்டும்? காலரை மோந்து பார்த்தேன். பவுடர் வாசனை, பூ வாசனை ஏதாவது அடிக்கிறதா என்று. அதுவும் சாம்சன் எதிரிலேயே. அவன் டீ குடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். அசல் தோலுக்கு ஒரு வாசனை உண்டு, அதைத்தான் பார்க்கிறேன் என்று சமாளித்தேன். அது உண்மைதான். ஆனால் அதற்குக் காலரை மட்டும் மூன்று தடவை மோந்து பார்க்க வேண்டியதில்லை.

பொம்பளை வாசனை இல்லை. தப்பித்தீர்கள். ஆனால் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் வாசனை இருந்தது. கடையில் வாங்கிய புதுக் கோட்டுக்கு யார் எண்ணெய் தேய்த்து விட்டது?

இதைப் போனிலேயே கேட்கலாம். கேட்டால் மலையில் டவர் இல்லை எல்லு என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் அஞ்சாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு ரெண்டு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமை சாம்சன் ரயில் ஏறுகிறான். கடிதத்தை உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் படித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

கோட்டு நல்ல கோட்டு. குறை சொல்ல எனக்கு ஆசைதான், முடியவில்லை. மாட்டுத் தோல், அதிலும் மேல் தோல். கட்டைவிரலால் அழுத்தினால் சுற்றிலும் பொடிச் சுருக்கம் ஓடுகிறது. அடித்தோலுக்குச் சாயம் பூசி ஏமாற்றுகிற சரக்கு என்றால் ரப்பர் பாய் மாதிரி குழியும். மயிர்க்கால் புள்ளி ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் கலைந்தும் கிடக்கிறது. மெஷினில் அச்சடித்தது என்றால் பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி வரிசையாக நிற்கும். முதுகு முழுக்க ஒரே பீஸ், ஒட்டுப் போடவில்லை. தோளிலும் முழங்கையிலும் ரெண்டு மடங்கு தோல். தையலை மடிப்புக்கு உள்ளே ஒளித்து வைத்திருக்கிறான், ரோட்டில் உரசினாலும் நூல் அறாது. பித்தளை ஜிப், அதற்குப் பின்னால் காற்று புகாமல் ஒரு பட்டி. என் டேபிளுக்கு வந்திருந்தால் பேசாமல் சீல் போட்டு அனுப்பியிருப்பேன். இந்த ஊர் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு ஒரகடம் போனால் உங்கள் மகள் வேலைக்குப் போய்ச் சேருவதற்குள் வெந்துவிடுவாள், அது வேறு கதை.

நான் சொன்னதெல்லாம் வலது கைக்கும் உடம்புக்கும். இடது கை வேறு மாட்டின் தோல். நிறத்தில் அரை மாற்றுக் குறைச்சல், கனத்தில் பாதி. வலது கையில் அங்குலத்துக்கு எட்டுத் தையல், இடது கையில் பதினொன்று. நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்கிற டெய்லர் எவனோ தைத்தது. துணிக்குச் சரி. தோலில் நெருக்கி ஓட்டை போட்டால் தபால் ஸ்டாம்பு கிழிகிற மாதிரி கிழிந்து வரும். எங்கள் கம்பெனியில் புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

சரி, என் வீட்டுக்காரரை எவனோ நன்றாக ஏமாற்றிவிட்டான், பழைய கோட்டுக்குப் புதுக்கை வைத்துத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அடுத்த தடவை போன் பண்ணும்போது உங்களைக் கிண்டல் பண்ண வரிசையாக நாலு பேச்சு தயார் பண்ணி வைத்திருந்தேன். பூஜாவும் அதைப் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ரெண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து ஆணியில் மாட்டினாள். மாட்டினதைப் பார்த்தேன். அந்தப் பேச்செல்லாம் மறந்துபோச்சு.

ஆணியில் தொங்குகிற கோட்டின் வலது கை நேராகத் தொங்கவில்லை. முழங்கையில் மடங்கி, டீ கிளாஸ் பிடிக்கிற மாதிரி நின்றது. மாமா, பெருநகர் பாலத்தில் சைக்கிளோடு விழுந்ததிலிருந்து உங்கள் வலது கை முழுசாக நீளாது. கல்யாணத்தன்று மாலையைக் கோணலாகப் போட்டீர்கள், எங்கள் சனம் எல்லாம் சிரித்தது. தோல் கோட்டை ஒரே ஆள் ஒரு வருஷம் போட்டால் அது அந்த ஆளின் உடம்பு மாதிரியே நிற்கும். இது கடைக்கோட்டு இல்லை, யாரோ போட்டுக் கழித்ததும் இல்லை. உங்கள் கோட்டு.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? தரையில் சாக்கு விரித்து, உள்ளே இருக்கிற லைனிங் துணி வெளியே வருகிற மாதிரி கோட்டைத் திருப்பிப் போட்டேன். இன்னாம்மா, பொணத்த அறுக்கறவன் கணக்கா திருப்பிப் போட்டுக்கினு கீற என்று பூஜா கேட்டாள். அளவு பார்க்கிறேன் என்றேன். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

முதுகில் இடது பக்கம் முழுக்க ரோட்டில் இழுத்த கோடு. கறுப்புப் பாலிஷ் போட்டு மறைத்திருக்கிறீர்கள், விரலால் தடவினால் தெரிகிறது. கீழே விழுந்தால் தோல் தேயும், அது நியாயம். கோட்டு இருப்பதே அதற்குத்தான். நான் நின்றுபோனது இடது தோளில். கை மாற்றியும் மிச்சமாகத் தோளில் ரெண்டு அங்குலம் பழைய கிழிசல் இருக்கிறது, உள்ளே துண்டுத் தோல் வைத்து ஒட்டியிருக்கிறான். அது கிழிசலே இல்லை. ரோட்டில் கிழிந்தால் ஓரம் நார் நாராகப் பிசிறும். இது நேர்க்கோடு. கத்தரிக்கோல் போன கோடு. நல்ல கோட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்கள் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் என் தம்பியின் சட்டையை அப்படித்தான் வெட்டிக் கழற்றினார்கள்.

அன்று ராத்திரி சோற்றுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு கணக்குப் போட்டேன். போன புரட்டாசியில் உங்கள் போனில் கேமரா கெட்டுப்போச்சு. பத்து மாசமாக எந்தக் கடையிலும் அதை ரிப்பேர் பண்ண ஆள் இல்லை. ஐப்பசியில் உங்களுக்குப் பிரமோஷன். பைக் வாடகைக் கடையில் மலை மேலே போய் வண்டி சரி பண்ணிக்கொண்டிருந்த மெக்கானிக்கை முதலாளி கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, போன் எடு, புக்கிங் எழுது என்றாராம். நானும் நம்பித் தெருவுக்கெல்லாம் கேசரி கொடுத்தேன். பொங்கலுக்கு லீவு இல்லை. சித்திரைக்கு லீவு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அப்படி என்ன லீவு இல்லை?

ஒடிந்துதான் இருக்கும், மாவுக்கட்டு போட்டிருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு காலையில் வெளிச்சத்தில் திரும்பவும் பார்த்தேன். புது இடது கையில் முழங்கை மடிப்பே விழவில்லை. லைனிங்கில் வேர்வைக் கறை இல்லை. ஆனால் அந்தக் கை தைத்த பிறகும் நீங்கள் கோட்டைப் போட்டிருக்கிறீர்கள், காலருக்கு எண்ணெய் ஏறியிருக்கிறதே. அப்புறம் அந்த ஓட்டைகள். இடது கையின் நுனியில் பொடிப் பொடியாக. அதற்கு நேராக இடது பாக்கெட்டின் விளிம்பிலும் அதேபோல. துணியில் ஊசி குத்தின ஓட்டை தண்ணீரில் நனைத்தால் மூடிக்கொள்ளும். தோலில் மூடாது. அதனால்தான் கம்பெனியில் ஒரு தையல் தவறி விழுந்தாலும் பீஸையே ஒதுக்கிவிடுவோம். பத்தொன்பது வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பெருநகரில் சாம்சன் வீட்டுக்குப் போனேன். கோட்டைக் கையில் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது. உட்காரச் சொல்லக்கூட மறந்து, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னான்: “அக்கா, என்ன ஒண்ணும் கேக்காதீங்க. அண்ணன் மாதா மேல சத்தியம் வாங்கிக்கினுதான் அனுப்பிச்சாரு.”

சரி தம்பி, வாயைத் திறக்க வேண்டாம் என்றேன். தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். கோட்டை நானே போட்டுக்கொண்டேன், இடது கையை உள்ளே விடாமல். அது வெறுமனே தொங்கியது. இதை மாட்டிவிடு என்றேன். அவன் ஊக்கை வாங்கிக்கொண்டான். பிறகு குனிந்து, கையின் நுனியை ஒரு மடிப்பு மடித்து, பாக்கெட்டில் சொருகி, தேடாமல் நேராக அந்த ஓட்டைகள் இருந்த இடத்திலேயே குத்தினான். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன், அது தினமும் காலையில் குத்திப் பழகின கை. ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சத்தியம் பத்திரமாக இருக்கிறது, அவனைத் திட்டாதீர்கள். ரொம்ப நேரம் அழுதான். நான்தான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், அவன் வீட்டு அடுப்பில்.

மாமா, உங்களுக்கு இடது கை இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் நீங்கள் மறைக்க வேண்டியதில்லை, அந்த வேலை மிச்சம்.

எதற்காகக் கோட்டை அனுப்பினீர்கள் என்பதும் தெரிகிறது. முதுகையும் உயிரையும் அது காப்பாற்றிக் கொடுத்தது, மகளுக்கும் இருக்கட்டும் என்று அனுப்பியிருக்கிறீர்கள். அதைச் சொல்லி அனுப்பியிருந்தால் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பேன். புதுசு என்று சொல்லி அனுப்பினால் நான் செக் பண்ணத்தான் பண்ணுவேன். பதினெட்டு வருஷம் அதற்குத்தான் சோறு போட்டார்கள். எல்லு கண்டுபிடிக்க மாட்டாள் என்று எப்படி நினைத்தீர்கள்? இல்லை, கண்டுபிடிக்கட்டும் என்றுதான் அனுப்பினீர்களா? நீங்கள் இந்த இடத்தைப் படிக்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்து சொல்லச் சாம்சனிடம் சொல்லியிருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். ரெண்டு கை இருந்தபோது மட்டும் இந்த வீட்டில் என்ன வெட்டி முறித்தீர்கள்? ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடுவது வலது கை, சோறு தின்பது வலது கை, என்னைப் பார்த்து ஒழுங்கு காட்டிக் கேலி பண்ணுவதும் வலது கை. ஊரில் நாலு பேர் பார்ப்பார்கள். ரெண்டு நாள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்முலு வீட்டு மாடு வேலி தாண்டினால் அதைப் பார்க்கப் போய்விடுவார்கள். பூஜாவுக்கு வரன் பார்க்கிற நேரம் என்று யோசித்தீர்களானால், அப்பா வராத கல்யாணத்துக்கு அவள் சம்மதிக்க மாட்டாள், அவளை நீங்கள்தான் அப்படி வளர்த்தீர்கள். அவளிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். அது என் வேலை இல்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு வந்து சேருங்கள். சாம்சனும் கூடவே ஏறி, செங்கல்பட்டு ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குச் சத்தியம் நான் வாங்கியிருக்கிறேன். சட்டைக் கையை ஊக்கால் குத்திக்கொண்டு வர வேண்டாம். அளவு சொல்லுங்கள், இங்கே சுருக்கி நானே தைத்துத் தருகிறேன், அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எனக்குத் தெரியும். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். பத்து மாசம் நீங்கள் ஒருத்தராகப் பட்டது போதும்.

வழியெல்லாம் திருப்புலிவனத்து ஈஸ்வரன் கூட வரட்டும். நீங்கள் எப்படி வந்தாலும் எனக்கு முழுசுதான்.

உங்கள்,
எல்லம்மாள்.

மேலே முடித்துவிட்டேன், ஒன்று மட்டும் விட்டுப்போச்சு. நீங்கள் வந்தால் எது முடியும் எது முடியாது என்று தெரிய வேண்டுமே என்று நேற்றிலிருந்து என் இடது கையை முந்தானையால் இடுப்போடு கட்டிக்கொண்டு வேலை செய்து பார்க்கிறேன். கைலி கட்டலாம், பல்லால் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பால் பாக்கெட் பிரிக்கலாம். ஆடு பிடிக்கலாம், ஆடு சம்மதித்தால். இன்று காலை இட்லி மாவுக் குண்டானைத் தூக்கினேன். அது முடியாது. மாவு வாசல் வரைக்கும் போயிருக்கிறது. நாஷ்டாவுக்குப் பூஜா பன் வாங்கப் போயிருக்கிறாள்.