விற்கும் அதிகாரம் மட்டும் வேண்டாம்

சிங்கப்பூரிலிருந்து மகள் அனுப்பிய பவர் பத்திரம் இன்று காலை கூரியரில் வந்தது. பிரித்ததும் தூதரக முத்திரையின் மை வாசனை. உடனே, டீச்சர், உங்கள் முகம்தான் என் முன்னால் வந்து நின்றது.

தொண்ணூறுகளில் நாங்கள் மஸ்கட்டில் இருந்தபோது, கூட்டுறவுச் சங்கத்தில் எங்களுக்கு ஒதுக்கிய தில்லி ஃப்ளாட் தயாரானது. குறித்த தேதிக்குள் சாவி வாங்காவிட்டால் ஒதுக்கீடு ரத்து என்று சங்கம் எழுதியிருந்தது. எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. தில்லி லக்ஷ்மிபாய் நகர் பள்ளியில் என்னோடு கணக்கு டீச்சராக இருந்த உங்கள் பெயருக்கு எல்லா அதிகாரமும் கொடுத்து, தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது. பதறிப்போய் உங்களுக்குப் போன் செய்தேன்.

“விக்கிறதுக்கும் சேர்த்துல்ல எழுதியிருக்கீங்க. சாவி வாங்க மட்டும் எழுதி அனுப்புங்க டீச்சர்” என்றீர்கள்.

“தேதி போயிடுமே. உங்களை நம்பாம நான் யாரை நம்புறது?”

“நீங்க நம்புறது இருக்கட்டும். கிளாஸ் லீடர் சாக்பீஸ் கேட்டா பீரோ சாவியையா கொடுப்போம்? நாளைக்கு எனக்கு ஒரு கஷ்டம்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது.”

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் புதுப் பத்திரம் வரும்வரை அவகாசம் வாங்கியதும் நீங்கள்தான். பள்ளி விட்டதும் சங்க அலுவலகத்துக்குப் போய், அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவீர்களாம். “பூரா பவரையும் வேண்டாம்னு திருப்பி அனுப்பின ஆளை இப்பதான் பாக்கிறேன், மேடம்ஜி” என்று செயலர் கேலி செய்தாராம். “அச்சா பையா, பாத்தாச்சுல்ல? ஜல்தி கையெழுத்துப் போடுங்க” என்றீர்களாம், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். அவரும் போட்டுவிட்டார்.

நாங்கள் திரும்பி வந்து, உங்கள் கையால் சாவி வாங்கி, குடியும் புகுந்தோம். அதன் பிறகு ஒருநாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அரிசி வாங்கும்போது உங்கள் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மாதங்களில் உங்கள் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். பத்திரம் உங்கள் பேருக்கு வந்தது எப்படியோ தெரிந்து, ஃப்ளாட்டை விற்றுத் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் வீடு தேடியே வந்திருக்கிறான். மறுநாளே நீங்கள் அதைத் தபாலில் சேர்த்துவிட்டீர்கள். கடைசிவரை என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று மகள் அனுப்பிய பத்திரத்திலும் விற்கும் அதிகாரம் இருந்தது. இங்கிருக்கும் அவள் வீட்டை வாடகைக்கு விட மட்டும் எழுதி அனுப்பச் சொன்னேன். “பெத்த அம்மாவையே நம்ப மாட்டேனா?” என்று கோபித்துக்கொண்டாள்.

எனக்கு அப்படி ஒரு கஷ்டமும் இல்லை, டீச்சர். இருந்தும் திருப்பி அனுப்புகிறேன்.