மடைப் பள்ளத்துத் தோணி

மானகிரி
18.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சத்யா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். போன கடிதத்துக்கு நீ பதில் போடாததற்கு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். பிறகு விட்டுவிட்டேன்.

நம் கண்மாயில் தூர்வாரப் போகிறார்கள். மடைப் பள்ளத்தை மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். அது வற்றி யாரும் பார்த்ததில்லை. உப்பு ஏற்றி வந்த தோணி, கல்யாணச் சீர் ஏற்றிய தோணி, கடைசியாக நீயும் மருது அத்தானும் போன தோணி, மூன்றும் அதற்குள் கிடப்பதாக ஊர் நம்புகிறது. ஒரு உடல்கூடக் கிடைக்காததால் எல்லாரையும் மடைக்கருப்பு சாமி கூட்டிக்கொண்டதாம். உங்கள் பேரைச் சொல்லி இன்றும் மடையில் சூடம் கொளுத்துகிறார்கள். நீ ஓசூரில் தோசை வார்த்துக்கொண்டிருப்பதை நினைத்து நான் சிரித்துக்கொள்வேன்.

அப்பா சிரிப்பதில்லை. "நான் செஞ்ச தோணி தானா முழுகாது. கருப்புதான் இழுத்திருக்கணும்" என்று இருபத்தெட்டு வருஷமாகச் சொல்கிறார். கண்மாய் மீன் தின்பதையும் அன்றோடு விட்டார். இப்போதாவது அவரிடம் உண்மையைச் சொல்லட்டுமா?

உன் சத்யா


ஓசூர்
27.4.2024

அன்புத் தங்கைக்கு,

சொல்லாதே. உனக்கே சொல்லாத ஒன்று இருக்கிறது. எதிர்க்கரையில் இறங்குமுன் அப்பாவின் துரப்பணத்தால் தோணியின் அடியில் நான்தான் துளை போட்டேன். அத்தான் கல் ஏற்றி மடைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டார். என் தாவணியை அல்லிக்கொடியில் விட்டுவிட்டு வந்தோம். ஓடிப்போனது தெரிந்தால் அவர் வீட்டு ஆட்கள் அப்பாவைத்தான் வெட்ட வந்திருப்பார்கள். செத்தவர்களுக்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அந்த ஆட்கள் இப்போது இல்லை. ஆனாலும் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? பெண்ணும் போனாள், போகிற போக்கில் அவர் வேலைக்கும் பழி வைத்தாள்.

துரப்பணம் இங்கே சாமி அலமாரியில் இருக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை. பலகையைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அவரை மடைப்பக்கம் விடாதே.

யோகலட்சுமி


மானகிரி
12.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அவரை யார் தடுப்பது? மீன்பிடித் திருவிழாவைத் தொடங்கிவைக்க ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டு வீசியதும் ஊரே கண்மாய்க்குள் இறங்கியது. அப்பா பக்கத்து வீட்டு ஐயனார் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே பள்ளத்துக்குப் போனார். உப்புத் தோணியும் இல்லை, சீர்த் தோணியும் இல்லை. சேற்றில் நம் தோணி மட்டும் கிடந்தது.

அப்பா துண்டால் சேற்றைத் துடைத்தார். துளைக்குள் விரலை விட்டார். பிறகு குனிந்து அடிப்பக்கம் தடவினார். சில்லு வெளிப்பக்கம் பெயர்ந்திருந்தது. உள்ளேயிருந்து போட்ட துளை என்று எனக்கே தெரிந்தது.

"என்ன ஆசாரியாரே, கருப்பு எந்தப் பக்கம் புடிச்சு இழுத்துச்சாம்?" என்றார் ஐயனார்.

அப்பா துளைமேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். "கருப்பு என்னப்பா செய்யும் பாவம். உளுத்த பலகை. நாந்தேன் பாக்காமப் போட்டுட்டேன்."

"அப்ப இத்தன வருசமா சாமி மேலயா பழியப் போட்டீக?"

கரையெல்லாம் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். தான் செய்த கதவில் ஒரு கீல் சரியில்லை என்று பக்கத்து ஊர்க்காரன் சொன்னதற்கு அவனோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவர் இவர், அக்கா.

வரும்போது இரண்டு விரால் வாங்கினார். குழம்பு வைத்தேன். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். கை கழுவும்போது என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பிள்ளைக்கு எழுதுறப்ப எந் தொரப்பணத்த மறக்காமக் கொண்டாரச் சொல்லுத்தா. அன்னைக்குத் தேட ஆரம்பிச்சது."

பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சத்யா


ஓசூர்
17.5.2024

சத்யா,

26ஆம் தேதி ஞாயிறு காலை இருவரும் வருகிறோம். துரப்பணத்தைப் பழைய சேலையில் சுற்றி வைத்துவிட்டேன். முனையில் துரு ஏறியிருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பார்த்ததும் அப்பா திட்டுவார்.

திட்டட்டும்.

அக்கா